ஏற்காட்டில் ஒரு சைக்கலாஜிக்கல் திரில்லர் எடுக்கிறோம்: குழப்பம் எங்கள் கையில் இருக்கிறதா, நழுவிவிட்டதா?

அஸ்தம்பட்டி_கேமரா எழுதியது:

வணக்கம் மக்களே. சேலத்தில் கல்யாண வீடியோ எடுப்பது என் தொழில். முகூர்த்தம் இல்லாத மார்கழியில் நண்பர்கள் சிலர் சேர்ந்து ஒரு முழுநீளப் படம் எடுத்துவிடலாம் என்று இறங்கியிருக்கிறோம். கேமராவும் லென்சும் எங்களுடையது, ஏற்காட்டில் தெரிந்தவர் ஒருவர் தன் காப்பி எஸ்டேட் பங்களாவைச் சும்மா தருகிறேன் என்றிருக்கிறார், நடிக்கிறவர்கள் நாடகக் குழுவிலிருந்து வருகிறார்கள், ஆக சாப்பாடு, பெட்ரோல், சவுண்டு, எடிட்டிங் எல்லாம் சேர்த்து மூன்று லட்சத்துக்குள் முடிக்க வேண்டும். பணத்தைப் பற்றி இப்போது கேட்கவில்லை. கதையில்தான் சிக்கல்.

கதை இதுதான். எஸ்டேட்டுக்கு ரைட்டர், அதாவது கணக்கு எழுதும் வேலைக்கு ஒருவன் வருகிறான். மலைப்பாதையில் கார் கவிழ்ந்து தன் மனைவி இறந்துவிட்டாள் என்று வந்த அன்றே எல்லோரிடமும் சொல்கிறான். அரை மணி நேரம் போனதும், மனைவி உயிரோடுதான் இருக்கிறாள், இவனை விட்டுப் போய்விட்டாள் என்று தெரிகிறது. கடைசிப் பகுதியில் இவனுக்குக் கல்யாணமே ஆகவில்லையோ, காரில் வந்த வேறு யாரையோ இவன்தான் ஏதோ செய்துவிட்டானோ என்று சந்தேகம் வருகிறது. விபத்து நடந்த இடமும் மாறிக்கொண்டே இருக்கும்: முதலில் ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவு, அப்புறம் பதினான்காவது, கடைசியில் மலைக்குப் போகும் இன்னொரு வழியான குப்பனூர் பாதை. பக்கத்து எஸ்டேட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் ஒருவர் சாயங்காலம் வந்து பேச்சுக் கொடுத்துக் கொடுத்தே இதையெல்லாம் வெளியே இழுக்கிறார். ஒரு நாயும் உண்டு. உண்மை அதற்கு மட்டும்தான் தெரியும் என்று நாங்களே கிண்டல் செய்துகொள்வோம். கடைசி ஷாட்டில், மழையில் கேட்டைத் திறந்துகொண்டு ஒரு பெண் உள்ளே வருகிறாள், முகம் தெரியாது, கட்.

ஸ்கிரிப்டைப் படித்தவர்கள் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். கூட எழுதுகிற நண்பன் "இதுதான்டா வேணும்" என்று குதிக்கிறான். எனக்குப் பயமாக இருக்கிறது, ஏனென்றால் உண்மையில் என்ன நடந்தது என்று எங்கள் இருவரைத் தனித்தனியாகக் கேட்டாலும் ஒரே பதில் வராது. எழுதுகிறவனுக்கு உண்மை தெரிந்திருக்கத்தான் வேண்டுமா? வேண்டுமென்றே வைத்த குழப்பம் எது, எங்களுக்கே தெரியாமல் நழுவிய குழப்பம் எது என்று எப்படிப் பிரித்துப் பார்ப்பது?


செவ்வாய்ப்பேட்டை_பால்கனி எழுதியது:

ரசிகனாகச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். முடிவை எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போகிற படங்களைக் கண்டாலே எரிச்சலாக இருக்கிறது. டிக்கெட், பார்க்கிங், இடைவேளைத் தீனி என்று செலவழித்து உட்கார்ந்தவனிடம் "நீயே யோசித்துக்கொள்" என்றால், அதை நான் வீட்டுத் திண்ணையிலேயே காசில்லாமல் செய்திருப்பேன். முகம் தெரியாத பெண், மழை, கேட், கட்... பார்த்துப் பார்த்துப் புளித்துவிட்டது தம்பி.

'அந்த நாள்' பாருங்கள். 1954. பாட்டு ஒன்றுகூடக் கிடையாது. ஒரு கொலை, ஆளாளுக்கு ஒரு கோணத்தில் சொல்கிறார்கள், சந்தேகம் ஒவ்வொருவர் மேலும் போகிறது. ஆனால் கடைசியில் யார் சுட்டது, ஏன் சுட்டது என்று இயக்குநர் எஸ்.பாலசந்தர் பளிச்சென்று வைத்துவிட்டார். 70 வருஷம் ஆகியும் பேசுகிறோம் இல்லையா?


கட்டிங்_மேசை எழுதியது:

அண்ணா, 'அந்த நாள்' முதலில் வெளியானபோது ஓடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பளிச்சென்று முடிவு வைத்த படத்துக்கும் அதே கதிதான்.

அஸ்தம்பட்டி, நான் எடிட்டிங் பக்கம் வேலை செய்கிறவள், இந்த மாதிரிப் படங்கள் மேசைக்கு வரும்போதுதான் பலருக்கு உங்கள் பயமே வருகிறது. உங்களுக்கு ஸ்கிரிப்டிலேயே வந்துவிட்டது, நல்லது. ராஷோமோன் (1950) என்ற ஜப்பானியப் படத்தின் படப்பிடிப்பு தொடங்கும் சமயத்தில் இயக்குநர் குரோசாவாவிடம் அவருடைய உதவி இயக்குநர்கள் மூன்று பேர் வந்து, ஸ்கிரிப்ட் சுத்தமாகப் புரியவில்லை என்று சொன்னார்கள். அவரே சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அவர் உட்கார்ந்து "உண்மையில் நடந்தது இது" என்று விளக்கவில்லை. மனிதர்களால் தங்களைப் பற்றித் தங்களிடமே நேர்மையாக இருக்க முடிவதில்லை, மெருகு பூசாமல் பேசத் தெரியாது, படம் அதைப் பற்றியது என்றார். இருவர் சமாதானமாகிப் போனார்கள், ஒருவர் கடைசிவரை ஆகவில்லை. ஆக, படித்தவர்களுக்குப் புரியவில்லை என்பதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

அந்தப் படத்தில் நான் கவனிக்கச் சொல்வது வேறு. காட்டில் ஒருவன் செத்துக் கிடக்கிறான், எப்படிச் செத்தான் என்று கொள்ளைக்காரன், மனைவி, ஆவியாக வந்து பேசும் கணவன் மூவரும் மூன்று கதை சொல்கிறார்கள், மூவருமே தப்பிப்பதற்காகப் பொய் சொல்லவில்லை. கொள்ளைக்காரன் நான் வீரமாகச் சண்டை போட்டுக் கொன்றேன் என்கிறான், கணவன் நானே குத்திக்கொண்டேன் என்கிறான், மனைவி சொல்வதிலும் பழி அவள் கையில்தான் வந்து நிற்கிறது. மூன்று பேரும் பழியை இழுத்துத் தன் மேல் போட்டுக்கொண்டு, அதற்குப் பதிலாக மானத்தைக் காப்பாற்றிக்கொள்கிறார்கள். எத்தனை முறை கதை மாறினாலும் நாம் தொலைந்து போகாமல் உட்கார்ந்திருப்பது இதனால்தான். நடந்தது என்ன என்று தெரியாவிட்டாலும், இந்தக் கதை இவனுக்கு ஏன் வேண்டும் என்பது தெரிந்துகொண்டே இருக்கிறது.

இப்போது உங்கள் ரைட்டரைப் பாருங்கள். மனைவி செத்துவிட்டாள் என்றால் புது இடத்தில் அவனுக்கு அனுதாபம் கிடைக்கிறது, யாரும் தோண்டித் துருவ மாட்டார்கள். சரி. விட்டுப் போய்விட்டாள் என்றால் ஏமாந்தவன் அவன், தப்பு அவள் பக்கம். அதுவும் சரி. கல்யாணமே ஆகவில்லை என்பதால் அவனுக்கு என்ன லாபம்? எனக்கு ஒன்றும் தெரியவில்லை. உங்கள் குழப்பம் கை நழுவியது அங்கேதான் என்று நினைக்கிறேன். அந்த மூன்றாவது கதை ரைட்டருக்கு வேண்டியதா, உங்கள் இருவருக்கும் ஒரு டிவிஸ்ட் வேண்டும் என்பதற்காக வந்ததா?

படித்தவர்களிடம் "என்ன நடந்தது?" என்று கேட்காதீர்கள். "எந்த சீனில் இவனை நம்புவதை நிறுத்தினீர்கள்?" என்று கேளுங்கள். ஏறக்குறைய எல்லோரும் ஒரே இடத்தைக் காட்டினால், அவர்கள் சொல்லும் கதை எத்தனை விதமாக இருந்தாலும் படம் உங்கள் கையில் இருக்கிறது. ஒருவர் இரண்டாவது சீன் என்று, இன்னொருவர் கிளைமாக்ஸ் என்று, மூன்றாமவர் "முதலில் இருந்தே" என்றால் திரும்ப எழுத உட்காருங்கள்.

இன்னொன்று. மூன்று கதையும் அவன் வாயிலிருந்தே வருகிறது. அந்தப் பெண்ணுக்கு என்று ஒரு வரிகூட இல்லையே. முகம் காட்டாமல் கேட் வரைக்கும் கூட்டி வந்து கட் செய்வது எனக்கு மர்மமாகத் தெரியவில்லை, அவளை எழுத மறந்துவிட்டீர்கள் என்றுதான் தெரிகிறது.


சில்வர்ஓக்_நிழல் எழுதியது:

கதையைப் பற்றி மற்றவர்கள் பேசட்டும், நான் மலையில் இருப்பவன், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

மார்கழி என்றால் காப்பிப் பழம் பறிக்கிற காலம். பங்களா சும்மா கிடைக்கலாம், எஸ்டேட் சும்மா இருக்காது. காலையில் ஆள் வரும், சாயங்காலம் பழம் எடை போடுவார்கள், அதற்கு அப்புறம் பழத்தோலை உரிக்கும் மெஷின், பல்ப்பர், ஓட ஆரம்பித்தால் வீட்டுக்குள் பேசுவதே கேட்காது. லைவ் சவுண்டு எடுப்பதாக இருந்தால் பல்ப்பர் எப்போது ஓடும் என்று முதலாளியிடம் இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

மழை ஷாட்டுக்குத் தண்ணீர் வண்டி கேட்பீர்கள். அந்த நேரத்தில் காயப்போட்ட காப்பிக் களத்துப் பக்கம் தண்ணீர் தெறித்தால் உங்களை மலையை விட்டே இறக்கிவிடுவார்கள், விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

பனிமூட்டம் இலவசம்தான், ஆனால் கேட்ட நேரத்துக்கு வராது. ஒரே உரையாடலில் இவன் முகத்தைக் காட்டும்போது பின்னால் மரமே தெரியாது, எதிரில் இருப்பவரைக் காட்டும்போது வெயில் அடிக்கும். உங்கள் படத்தில் கதையே மாறுகிறது என்பதால் ஒட்டவைத்துவிடலாம் என்று நினைப்பீர்கள், அதுதான் ஆபத்து, பார்க்கிறவர் பனி வந்தால் பொய், வெயில் வந்தால் நிஜம் என்று நீங்கள் வைக்காத அர்த்தத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

அப்புறம் வளைவு. அடிவாரத்திலிருந்து ஏறும் பாதையில் இருபது வளைவுக்கும் எண் போட்ட பலகை இருக்கிறது. சேலத்துக்காரர்கள் சின்ன வயதில் இருந்து வாந்தி எடுத்துக்கொண்டே எண்ணிய வளைவுகள் அவை. வேறு வளைவில் எடுத்துவிட்டு பதினான்கு என்று சொல்ல முடியாது. வளைவில் வண்டியை நிறுத்தி ஷூட் செய்யவும் கூடாது, ஏறி வரும் பஸ்சுக்கு இடம் வேண்டும். காப்புக்காடு ஓரமாக இறங்கினாலே வனத்துறை அனுமதி வேண்டும், ராத்திரியில் காட்டெருமை நடமாட்டம் உண்டு. எஸ்டேட்டுக்குள்ளேயே ஒரு வளைவுப் பாதை பார்த்து அங்கே முடியுங்கள்.

ரைட்டர் என்று எழுதியிருக்கிறீர்களே, அவனுக்கு வேலை என்ன என்று காட்டுகிறீர்களா? ரைட்டர் என்றால் செக்ரோல் எழுதுகிறவன். இன்றைக்கு யார் யார் வந்தார்கள், யார் எத்தனை கிலோ பறித்தார்கள், யாருக்கு எவ்வளவு சம்பளம், எல்லாம் அவன் கையெழுத்தில் இருக்கும். வாயால் மாற்றி மாற்றிச் சொல்கிற ஒருவன் நாள் முழுக்க நோட்டில் கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறான், அதை நீங்கள் தொடவே இல்லை.


நைட்_டியூட்டி எழுதியது:

மனநலப் பிரிவில் நர்ஸ் நான். ஒரே ஒரு வேண்டுகோள்: கடைசியில் இன்ஸ்பெக்டரோ டாக்டரோ வந்து "இவனுக்கு மனநோய்" என்று ஒரு பெயர் சொல்லி எல்லா முடிச்சையும் அவிழ்த்துவிடாதீர்கள். எங்கள் வார்டில் இருப்பவர்களைப் பார்த்து ஜனங்கள் பயப்படுவதற்குப் பாதிக் காரணம் இந்த கிளைமாக்ஸ்கள்தான்.

நிஜத்தில் நடக்கிற விஷயமே உங்கள் கதைக்கு அதிகம் உதவும். பல வருஷம் கடுமையாகக் குடித்து, சாப்பாடும் சரியாக இல்லாமல், பி1 வைட்டமின் குறைந்துபோன சிலருக்கு கோர்சகாஃப் என்ற ஞாபகக் கோளாறு வரும். புது விஷயங்கள் மனதில் நிற்காது. அந்த ஓட்டையை அவர்களுடைய மனமே ஒரு கதையால் அடைத்துவிடும். காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்றால், நேற்று மகள் வந்து ஊட்டிவிட்ட இட்லியைப் பற்றிச் சொல்வார். மகள் வந்தே இருக்க மாட்டாள். அது பொய் இல்லை, ஏமாற்றும் எண்ணமே அவருக்குக் கிடையாது, அடுத்த முறை கேட்டால் வேறு கதை வரும். அதற்காக உங்கள் ஹீரோவுக்கு இந்த நோய் என்று வைத்துவிடாதீர்கள் ப்ளீஸ். ஒருவன் மனதார நம்பிக்கொண்டே தப்பாகச் சொல்ல முடியும் என்பதற்காகச் சொன்னேன். உங்கள் நடிகர் ஒவ்வொரு கதையையும் "நான் பொய் சொல்கிறேன்" என்ற முகத்தோடு சொன்னால் படம் பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும்.

இன்ஸ்பெக்டரையும் சும்மா விடாதீர்கள். 1974-ல் லாஃப்டஸ், பாமர் என்ற இருவர் செய்த சோதனை மனோதத்துவம் படிக்கிற எல்லோருக்கும் தெரியும். 150 மாணவர்களுக்கு ஒரு கார் விபத்துப் படத்தைக் காட்டினார்கள். ஒரு பிரிவிடம் கார்கள் இடித்தபோது என்ன வேகம் என்று கேட்டார்கள், இன்னொரு பிரிவிடம் நொறுங்க மோதியபோது என்ன வேகம் என்று கேட்டார்கள். மூன்றாவது பிரிவிடம் வேகத்தைப் பற்றியே கேட்கவில்லை. ஒரு வாரம் கழித்து உடைந்த கண்ணாடி பார்த்தீர்களா என்று கேட்டபோது, நொறுங்க மோதியது என்று கேட்கப்பட்ட 50 பேரில் 16 பேர் பார்த்தோம் என்றார்கள், இடித்தது என்று கேட்கப்பட்டவர்களில் 7 பேர், எதுவும் கேட்கப்படாதவர்களில் 6 பேர். படத்தில் உடைந்த கண்ணாடியே கிடையாது. ஆக, உங்கள் இன்ஸ்பெக்டர் உண்மையை வெளியே இழுக்கிறாரா, அல்லது சாயங்கால டீயோடு சேர்த்து அவனுக்கு ஒரு விபத்தை ஊட்டிக்கொண்டிருக்கிறாரா? ஒன்பது, பதினான்கு என்ற எண்ணை முதலில் வாயில் எடுப்பது யார்?


அஸ்தம்பட்டி_கேமரா எழுதியது:

மேலே எழுதிய எல்லோருக்கும் நன்றி. எண்ணை முதலில் சொல்வது ரைட்டர்தான், ஆனால் அதை இன்ஸ்பெக்டர் வாய்க்கு மாற்றினால் ஒரு வரி கூட்டாமல் படமே வேறு மாதிரி ஆகிறது. நண்பனுக்கு போன் போட்டுச் சொன்னேன், கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

கட்டிங்_மேசை அக்கா, ஒரு இடத்தில் மட்டும் எனக்கு ஒப்புதல் இல்லை. எல்லாப் பொய்க்கும் லாபம் வேண்டும் என்றால் படம் கணக்கு நோட்டு ஆகிவிடாதா? காரணமே இல்லாமல் கதை மாறும்போது வருகிற ஒரு திகில் இருக்கிறதே, அதற்காகத்தானே இந்த வகைப் படமே.


பழைய_ரீல் எழுதியது:

காரணம் வேண்டாம் தம்பி, அடையாளம் வேண்டும். இயக்குநர் கிறிஸ்டோபர் நோலனின் முதல் படம் ஃபாலோயிங் (1998). சுமார் ஆறாயிரம் டாலர், 16 எம்எம், கறுப்பு வெள்ளை, எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள் என்பதால் வார இறுதிகளில் மட்டும் ஒரு வருஷம்போல எடுத்தார்கள். ஃபிலிம் வாங்கக் காசில்லாததால் நாடகம் போல ஒத்திகை பார்த்து ஒன்றிரண்டு டேக்கில் முடித்தார்கள். உங்கள் ஆட்களும் நாடகக்காரர்கள், அந்த வழி உங்களுக்கு ஒத்துவரும். அதில் காலவரிசை முழுக்கக் கலைந்து கிடக்கும், ஆனால் ஹீரோவின் தலைமுடியையும் உடையையும் முகத்துக் காயத்தையும் வைத்தே நாம் எங்கே இருக்கிறோம் என்று தெரிந்துவிடும்.

கோஹரன்ஸ் (2013) இன்னும் கிட்டே வரும். இயக்குநர் தன் சொந்த வீட்டிலேயே ஐந்து இரவில் எடுத்தது, 50,000 டாலர் செலவு. விருந்துக்கு வந்த எட்டுப் பேர், வெளியே வால்நட்சத்திரம், அதே வீடும் அதே ஆட்களும் பல பிரதிகளாக இருக்க, எந்த வீடு நம் வீடு என்றே தெரியாமல் போகும். நடிகர்களுக்கு முழு ஸ்கிரிப்ட் கொடுக்கவில்லை, அவரவர் பாத்திரத்துக்குத் தெரிந்ததை மட்டும் தினமும் சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். அதனால் முகத்தில் தெரிகிற முழிப்பு நிஜம். ஆனால் இயக்குநர் தலையில் கணக்கு தெளிவு, ஒளிரும் குச்சியின் நிறம்தான் எந்த வீட்டு ஆள் என்பதற்கு அடையாளம். செலவு மிச்சமாகும் என்பதற்காக இதைச் செய்யச் சொல்லவில்லை. உங்கள் இன்ஸ்பெக்டர் நடிகருக்கு ரைட்டரின் மூன்று கதையும் தெரியாமல் வைத்துப் பாருங்கள், அவர் கேட்கிற தினுசே மாறும்.

உங்களுக்குக் காசில்லாத அடையாளம் ஒன்று இருக்கிறது, சத்தம். முதல் கதை நடக்கும் இடத்தில் சில்வண்டுச் சத்தம் விடாமல் ஓடட்டும், இரண்டாவதில் தூரத்தில் பல்ப்பர், மூன்றாவதில் ஒன்றுமே இல்லாத வெறும் அறைச் சத்தம். ஒவ்வொரு இடத்திலும் எல்லோரையும் வாயை மூடச் சொல்லி சில நிமிஷம் தனியாகப் பதிவு செய்துவையுங்கள். பார்க்கிறவனுக்கு ஏன் என்று தெரியாது, ஆனால் ஏதோ மாறிவிட்டது என்று முதுகில் உறைக்கும்.

பங்களாவில் இருக்கிற பல்புகளை வைத்தே லைட்டிங் செய்வீர்கள். விலை குறைந்த எல்இடி என்றால் திரையில் துடிக்கும், நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ஷட்டர் வேகத்தை 1/50 நொடியில் வையுங்கள். கல்யாண வீடியோக்காரருக்கு நான் சொல்லத் தேவையில்லைதான். மலையேறும்போது மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைத் தாண்டித்தான் போவீர்கள், 1935-ல் டி.ஆர்.சுந்தரம் தொடங்கி நூறு படத்துக்கு மேல் எடுத்த இடம், இன்றைக்கு நுழைவாயில் மட்டும் நிற்கிறது. ஒரு ஷாட் எடுத்துக்கொண்டு போங்கள், படத்தில் வைக்காவிட்டாலும் பரவாயில்லை.


கட்டிங்_மேசை எழுதியது:

அஸ்தம்பட்டி, லாபம் என்றால் காசு பணம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். தூங்குவதற்காகச் சொல்கிற பொய்க்கும் லாபம் உண்டு. காரணத்தைப் படத்தில் சொல்ல வேண்டியதில்லை, நடிகருக்குத் தெரிந்திருந்தால் போதும்.

சில்வர்ஓக் சொன்ன செக்ரோலை விட்டுவிடாதீர்கள். அந்த நோட்டில் ஒரு பெண்ணின் பெயர், தினமும், அவன் கையெழுத்தில், கிலோ கணக்கோடு. பறிக்கிற ஆட்களைக் கேட்டால் அப்படி ஒருத்தியே இங்கே கிடையாது என்கிறார்கள். அவன் இல்லாத ஆளுக்கு சம்பளம் போட்டுத் திருடுகிறானா? செத்தவளை உயிரோடு வைத்துக்கொள்ள எழுதுகிறானா? அல்லது ஊரே சேர்ந்து ஒருத்தியை மறைக்கிறதா? மூன்றுக்கும் அதே ஒரு நோட்டு போதும், கல்யாணமே ஆகவில்லை என்ற டிவிஸ்டைத் தூக்கிவிடலாம். கடைசியில் கேட்டைத் திறந்து வருகிறவள் முகத்தைக் காட்டுங்கள். வந்து "என் சம்பளம்" என்று கேட்கட்டும்.


செவ்வாய்ப்பேட்டை_பால்கனி எழுதியது:

அவள் சம்பளம் கேட்கிறாள் என்றால் நான் டிக்கெட் வாங்குகிறேன். ஆனால் அவன் கொடுத்தானா இல்லையா என்று காட்டிவிட வேண்டும், அதில் சமரசம் கிடையாது.


அஸ்தம்பட்டி_கேமரா எழுதியது:

அண்ணா, அவன் நோட்டைத் திறந்து பேனாவை எடுக்கும் வரைக்கும்தான் காட்டுவதாக இருக்கிறோம், திட்டுவதைப் படம் வந்தபின் திட்டுங்கள். நண்பனும் நானும் ராத்திரி முழுக்கப் பேசி, பெயர் எதற்காக நோட்டில் இருக்கிறது என்று ஒரே பதிலுக்கு வந்துவிட்டோம், இங்கே சொல்ல மாட்டேன். குப்பனூர் பாதை போய்விட்டது. மழையும் போய்விட்டது, காப்பிக் களம் இருக்கிறதே. நாய் மட்டும் தெரியவில்லை.


பழைய_ரீல் எழுதியது:

நாயை எடுத்துவிடுங்கள். தியேட்டருக்குப் போக தணிக்கைச் சான்றிதழ் வேண்டும், விலங்கு வந்தால் ஷூட்டிங்குக்கு முன்பே விலங்கு நல வாரியத்திடம் அனுமதி வாங்கியிருக்க வேண்டும், அப்புறம் தடையில்லாச் சான்றிதழ் வேறு. யூடியூபில் மட்டும் போடுவதாக இருந்தால் தணிக்கை வேண்டாம், ஆனால் அதை இப்போதே முடிவு செய்யுங்கள். குரைக்கிற சத்தம் மட்டும் போதும் என்றால் எங்கள் தெருவில் வந்து பதிவு செய்துகொள்ளலாம், ராத்திரி பதினொரு மணிக்கு மேல் எவ்வளவு வேண்டுமானாலும் கிடைக்கும்.


சில்வர்ஓக்_நிழல் எழுதியது:

பழைய செக்ரோல் நோட்டு எங்கள் வீட்டுப் பரணில் கிடக்கிறது, நிஜப் பெயர்கள் இருப்பதால் அதைத் தர முடியாது, ஆனால் கோடு எப்படிப் போடுவது, எந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று உட்கார்ந்து சொல்லித் தருகிறேன். ஞாயிற்றுக்கிழமை வாங்க, அன்றைக்குப் பறிப்பு இல்லை. ஸ்வெட்டர் எடுத்துவாங்க, கேமராவைக் குளிரிலிருந்து நேராகச் சமையல்கட்டுக்குள் கொண்டுபோனால் லென்சில் ஆவி பிடித்துக்கொள்ளும், பைக்குள்ளேயே கொஞ்ச நேரம் வைத்திருந்து அப்புறம் திறங்க.